இரண்டாம் இடத்தின் விலை

செயின்ட் லூயிஸ் நகரில் நான் குடியேறி மூன்று குளிர்காலங்கள் கழிந்த பின்னரே அமெரிக்கக் கால்பந்தை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை அது எனக்கு, தலைக்கவசம் அணிந்த பெருத்த மனிதர்கள் ஐந்து நொடி மோதிக்கொண்டு அரை நிமிடம் கூடிப் பேசும் விளங்காத சடங்காகவே இருந்தது. காலால் பந்தை உதைப்பது அரிதாக நிகழும் ஓர் ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்று கேட்டுப் பலரைச் சலிப்படையச் செய்திருக்கிறேன். சலிப்படையாமல் பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரே. கார்த் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கராஜின் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே ஒரு பழைய தொலைக்காட்சி, இரண்டு மடக்கு நாற்காலிகள், சுவரில் ஒட்டப்பட்ட ஓர் எண் அட்டவணை. இரண்டாவது நாற்காலி காலப்போக்கில் என்னுடையதாயிற்று.

ஆட்டத்தைவிட அந்த அட்டவணைதான் என்னை முதலில் ஈர்த்தது. முதல் வரிசையில் 3000 என்று இருந்தது. அடுத்து 2600, 2200, 1800, 1700, 1600 என்று இறங்கிக்கொண்டே போய், 32ஆம் வரிசையில் 590 என்று நின்றது. விலைப்பட்டியல் என்றார். எதன் விலை என்று கேட்டேன். "முறையின் விலை" என்றார்.

அதைச் சற்று விளக்க வேண்டும். தேசியக் கால்பந்து லீகில் 32 அணிகள் உள்ளன. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை ஒவ்வோர் ஆண்டும் இளவேனிலில் இவ்வணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஏழு சுற்றுகள். முந்தைய ஆண்டில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் முறை. கோப்பையை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி முறை. பணக்கார அணிகளே நல்ல வீரர்கள் அனைவரையும் வாரிக்கொண்டு போவதைத் தடுக்க, ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் முன்வைத்த யோசனை இது. 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பது வரலாற்றின் குறும்பு. ஆக, இந்த ஏற்பாட்டில் முதல் முறையைப் பெற்றவர்கள் ஏமாந்த கதை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

முறை என்பது ஒரு சொத்து. அதை விற்கலாம், வாங்கலாம், அடுத்த ஆண்டின் முறையையும் அதற்கடுத்த ஆண்டின் முறையையும் சேர்த்து அடகு வைப்பதுபோல் கொடுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் அணி, எந்த முறைக்கு எத்தனை புள்ளி என்று தனக்கென ஒரு பட்டியல் வகுத்துக்கொண்டது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அது நாடெங்கும் பரவி, எல்லா அணிகளின் பேரத்துக்கும் அளவுகோலானது. பெரியவரின் கராஜ் சுவரில் இருந்தது அதன் பிரதி.

*

இந்த வணிகம் அமைதியாக நடப்பது குவார்ட்டர்பேக் என்ற ஒருவர் குறுக்கிடும் வரைதான். ஒவ்வோர் ஆட்டத்துண்டிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரிகள் பாய்ந்து வந்து நசுக்குவதற்குள், மூன்று நொடிக்குக் குறைவான நேரத்தில், யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அவர் இல்லாத அணி, பக்கவாத்தியக்காரர்கள் அனைவரும் வந்து அமர்ந்து பாடகர் மட்டும் வராத கச்சேரி போன்றது. மற்ற எந்த இடத்துக்கும் ஆள் இல்லையென்றால் சமாளிக்கலாம். இந்த ஓர் இடத்துக்கு ஆள் இல்லாத அணி ஆண்டுக்கணக்கில் தவிக்கும். தவிக்கும் அணி அட்டவணையைப் பார்ப்பதில்லை.

செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி 2011 பருவத்தில் 16 ஆட்டங்களில் இரண்டே இரண்டை வென்றது. அதனால் 2012 டிராஃப்டில் இரண்டாம் முறை அதற்குக் கிடைத்தது. முதல் முறையை வைத்திருந்த இண்டியானபோலிஸ், ஆண்ட்ரூ லக் என்ற குவார்ட்டர்பேக்கை எடுக்கப் போவது ஊரறிந்த செய்தி. இரண்டாவதாக நின்றவர் பேய்லர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரிஃபின். முந்தைய ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். ராம்ஸுக்கு அவர் தேவைப்படவில்லை. 2010இல் முதல் முறையைக் கொண்டு எடுத்த சாம் பிராட்ஃபோர்ட் அவர்களிடம் இருந்தார். ஆறாம் முறையை வைத்திருந்த வாஷிங்டனுக்கோ குவார்ட்டர்பேக் இல்லை.

மார்ச் மாதத்தில் பேரம் முடிந்தது. இரண்டாம் முறைக்காக வாஷிங்டன் கொடுத்தவை: அவ்வாண்டின் ஆறாம் முறை, இரண்டாம் சுற்றின் 39ஆம் முறை, 2013ஆம் ஆண்டின் முதற்சுற்று முறை, 2014ஆம் ஆண்டின் முதற்சுற்று முறை. அன்று மாலை பெரியவர் என்னை அழைத்துச் சுவர் அட்டவணைமுன் நிறுத்திக் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாம் முறை 2600 புள்ளி. ஆறாம் முறை 1600, 39ஆம் முறை 510, கூட்டினால் 2110. குறைவது 490. எதிர்கால முறைகளை ஒரு சுற்றுக் குறைத்து மதிப்பிடுவது வழக்கம் என்றாலும், அடுத்த ஆண்டின் முதற்சுற்று ஒன்றே அந்தப் பள்ளத்தை ஏறத்தாழ நிரப்பிவிடும். வாஷிங்டன் இரண்டு கொடுத்தது. "இரண்டாவது எதற்கு?" என்று கேட்டேன்.

"அது பயத்தின் விலை. வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பயம்" என்றார்.

பிறகு ஒரு நீலநிற நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் கொடுத்தது, வலப்புறம் பெற்றது. முதல் பக்கத்தில் 1998ஆம் ஆண்டின் பேரம் இருந்தது. கார்டினல்ஸ் என்ற கால்பந்து அணி 1960 முதல் செயின்ட் லூயிஸில் இருந்து, 1988இல் அரிசோனாவுக்குப் போய்விட்டது. போன பிறகும் அவர் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். 1998இல் அந்த அணி தன்னுடைய இரண்டாம் முறையை சான் டியேகோவுக்கு விற்றது. ஓரிடம் மட்டும் கீழிறங்கியதற்கு ஓர் இரண்டாம் சுற்று முறையும், அடுத்த ஆண்டின் முதற்சுற்று முறையும், இரண்டு வீரர்களும் கிடைத்தனர். சான் டியேகோ எடுத்த குவார்ட்டர்பேக் ரயன் லீஃப், இந்த ஆட்டத்தின் வரலாற்றில் மிகப்பெரிய ஏமாற்றங்களுள் ஒருவராக இன்றும் பேசப்படுகிறார். ஓடிப்போனவர்களின் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

2012இன் பக்கத்தில் இடப்புறம் 'இரண்டாம் முறை' என்று மட்டும் எழுதினார். கிரிஃபினின் பெயரை எழுதவில்லையே என்றேன். "அவர் என்றைக்கு நம்முடையவராக இருந்தார்? நாம் கொடுத்தது ஒரு முறை. அவர்கள் வாங்கியதுதான் ஒரு மனிதனை" என்றார்.

*

அந்நாட்களில் நான் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் எழுதிய ஆய்வொன்றைப் படித்திருந்தேன். தேலர் பின்னாளில், 2017இல், நோபல் பரிசு பெற்றார். 2005இல் முதலில் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பைத் தமிழில் 'தோற்றவரின் சாபம்' எனலாம். முதல் முறை என்பது தோற்ற அணிக்குக் கிடைக்கும் வரம் என்று எல்லாரும் எண்ண, அது பெரும்பாலும் சாபமே என்று அவர்கள் காட்டினர். ஒரே வகை ஆட்டக்காரர்களில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்தபடியாக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் மேலேறுவதற்கு அணிகள் அள்ளிக் கொடுக்கின்றன. எதிர்கால முறையை இன்றைய முறைக்கு மாற்றும்போது அவை மறைமுகமாகச் செலுத்தும் வட்டி ஆண்டுக்கு 136 விழுக்காடு. எந்தக் கந்துவட்டிக்காரரும் வெட்கப்படும் விகிதம்.

ஒரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் புதிய ஊதிய ஒப்பந்தம் வந்தது. 2010இல் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறாண்டுக்கு 78 மில்லியன் டாலர். மறு ஆண்டு முதல் முறையில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 22 மில்லியன். இளம் குவார்ட்டர்பேக் திடீரென மலிவானார். எனவே அவரை எடுக்கும் முறையின் விலை ஏறியது. 2012இன் பேரத்தில் பயத்தோடு இந்தக் கணக்கும் இருந்தது.

நான் இந்த ஆய்வைப் பெருமிதத்துடன் பெரியவருக்கு விவரித்தேன். விற்பவனே அறிவாளி, காத்திருப்பவனே வெல்வான், நம் அணி அறிவாளிகளின் பக்கம் நிற்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "2014ஆம் ஆண்டின் முறையைக் கொண்டு எடுக்கப்படும் பையன் நன்றாக ஆடத் தொடங்க 2016 ஆகிவிடும். எனக்கு இப்போது 73. உங்கள் பேராசிரியர்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது போலும்" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் உறுத்துகிறது. அதே ஆண்டில்தான் தொலைபேசியில் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் "எப்பப்பா வர்றே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். விசா புதுப்பித்தல், வீட்டுக்கடன், சேரும் விடுமுறை என எல்லாவற்றையும் கணக்கிட்டு, "அடுத்த வருஷம்ப்பா, ஒரு மாசம் முழுசா இருக்கிற மாதிரி வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிறிய பயணத்தை விட்டுக்கொடுத்துப் பெரிய பயணத்தைப் பெறுவது நல்ல பேரம் என்று உண்மையாகவே நம்பினேன். 2013 ஆகஸ்டில் அப்பா இறந்தார். பதினோரு நாள் விடுப்பில் போய்வந்தேன்.

*

களத்தில் நடந்தது எவருடைய கணக்கிலும் இல்லை. கிரிஃபின் முதல் ஆண்டிலேயே ஒளிவீசினார். வாஷிங்டன் பத்து ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆண்டின் சிறந்த புதிய தாக்குநர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் டிசம்பரில் முழங்காலில் அடி. 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே ஆடினார். தரையிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்தபோது அந்தக் கால் மடங்கியது. கராஜில் நாங்கள் இருவரும் பேசவில்லை. அந்த அணி தோற்கத் தோற்க நமக்கு வரும் முறை உயரும் என்று அறிந்தவர்கள்தாம் நாங்கள். எனினும் 22 வயது இளைஞர் ஒருவர் மூன்று முதற்சுற்று முறைகளின் பாரத்தை ஒரு முழங்காலில் சுமந்து நிற்பதைப் பார்க்கையில், முறையை விற்றவர்களுக்கும் அதில் பங்குண்டு என்று தோன்றியது. பெரியவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். அவ்வளவுதான்.

கிரிஃபின் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. 2013இல் வாஷிங்டன் மூன்றே ஆட்டங்களை வென்றது. அதனால் 2014இல் அவர்கள் நமக்குத் தரவேண்டியிருந்த முதற்சுற்று முறை எது தெரியுமா? இரண்டாம் முறை. இரண்டாண்டுக்கு முன் விற்ற அதே எண் வட்டியுடன் வீடு திரும்பியிருந்தது. விற்பவனின் கனவு இதைவிட நிறைவாகப் பலிக்க முடியாது.

2014 டிசம்பர் 7 அன்று ராம்ஸ் வாஷிங்டனுக்குச் சென்று ஆடியது. நாணயம் சுண்டும் சடங்குக்குப் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் ஆறு வீரர்களை அணித்தலைவர்களாக அனுப்பினார். மைக்கேல் பிராக்கர்ஸ், ஜெனோரிஸ் ஜென்கின்ஸ், அலெக் ஓகல்ட்ரீ, கிரெக் ராபின்சன் முதலிய அந்த அறுவரும் அந்த ஒரு பேரத்தின் வழியே வந்தவர்கள். கொடுத்தவர் வீட்டு முற்றத்தில் நின்று, பெற்றதை எண்ணிக் காட்டும் குரூரமான நகைச்சுவை அது. ராம்ஸ் 24-0 என்று வென்றது. பெரியவர் ஆறு பெயர்களையும் நோட்டின் வலப்புறத்தில் எழுதியிருந்தார்; அன்றிரவு அவற்றின்மீது விரலை ஓட்டிவிட்டு, "இவர்களில் யாருக்குப் பந்தை எறியத் தெரியும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பிராட்ஃபோர்டின் முழங்கால் 2013 அக்டோபரில் ஒருமுறையும் 2014 ஆகஸ்டில் மறுமுறையும் கிழிந்திருந்தது. நம்மிடம் பாடகர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் முறையை விற்றோம். அந்த நம்பிக்கையும் ஒரு சூதாட்டமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாங்கியவன் ஒரு முழங்காலின்மீது பந்தயம் கட்டினான். விற்றவன் மற்றொரு முழங்காலின்மீது. இரண்டும் தோற்றன. பேரத்தில் வென்ற ராம்ஸ் 2012 முதல் 2015 வரை ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் காணவில்லை. 2014இல் அவ்வணி எடுத்தவர்களில் ஆகச் சிறந்தவரான ஆரன் டோனல்ட்கூட அந்தப் பேரத்தில் வந்தவரல்லர். அணியின் சொந்தமான, சாதாரணமான 13ஆம் முறையில் வந்தவர். பேரத்தின் கடைசிப் பழமான கிரெக் ராபின்சனோ 2017இல் ஓர் ஆறாம் சுற்று முறைக்கு வேறு அணிக்குத் தள்ளிவிடப்பட்டார்.

இந்த ஊருக்கு இது தெரியாததன்று. 1999இல் இதே அணியின் குவார்ட்டர்பேக் காயமுற்றபோது கர்ட் வார்னர் என்பவர் களமிறங்கினார். எந்த டிராஃப்டிலும் எவராலும் எடுக்கப்படாதவர்; அயோவாவில் மளிகைக்கடை அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர். 2000 ஜனவரியில் அவர் செயின்ட் லூயிஸுக்கு சூப்பர் பௌல் கோப்பையை வென்று தந்தார். சுவர் அட்டவணையில் அவருக்கு வரிசையே இல்லை. அந்தக் கோப்பை ஊர்வலத்தைக் கண்ட கண்கள்தாம் இந்த நோட்டையும் எழுதின.

*

2016 ஜனவரி 12 அன்று அணி உரிமையாளர்கள் கூடி 30-2 என்ற வாக்கில் ராம்ஸை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்ற ஒப்புதல் தந்தனர். பெரியவருக்கு இது இரண்டாவது முறை. அவர் சினம் கொள்ளவில்லை. கராஜின் கதவு அந்த மாதம் முழுவதும் மூடியிருந்தது.

மூன்று மாதங்களில் அடுத்த செய்தி வந்தது. ராம்ஸ் டெனஸி அணியிடமிருந்து முதல் முறையை வாங்கிவிட்டது. ஜாரட் கோஃப் என்ற குவார்ட்டர்பேக்குக்காக. கொடுத்தவை: 15ஆம் முறை, இரண்டு இரண்டாம் சுற்று முறைகள், ஒரு மூன்றாம் சுற்று முறை, மறு ஆண்டின் முதல் மற்றும் மூன்றாம் சுற்று முறைகள். 2012இல் விற்ற பொது மேலாளர் லெஸ் ஸ்னீட்தான் 2016இல் வாங்கியவரும். அன்று விற்கும் மேசையில் அமர்ந்த அதே மனிதரை நான்காண்டுகள் வாங்கும் மேசைக்கு நகர்த்தியிருந்தன. நான் ஓடிச்சென்று சொன்னேன். "இப்போது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்" என்றார் பெரியவர். என்ன தெரிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் இந்தப் பேரங்களை நான் பழைய கண்ணால் பார்த்ததில்லை. 2017இல் எருமைநகரான பஃபலோ தன் பத்தாம் முறையைக் கான்சஸ் சிட்டிக்கு விற்றது. பட்டியலின்படி நல்ல விற்பனைதான். அந்த முறையில் எடுக்கப்பட்ட பாட்ரிக் மஹோம்ஸ் பின்னர் பஃபலோவையே பிளேஆஃப் ஆட்டங்களில் நான்குமுறை வெளியேற்றினார். 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதற்சுற்று முறைகளைக் கொடுத்து மூன்றாம் முறைக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது, அவர் நிலைக்கவில்லை. மறு ஆண்டு டிராஃப்டின் கடைசி முறையான 262ஆம் முறையில் எடுத்த பிராக் பர்டி அவ்வணியை சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார். 2023இல் சிகாகோ முதல் முறையைக் கரோலினாவுக்கு விற்று, அவ்வணி 2-15 என்று சரிந்ததால் மறு ஆண்டின் முதல் முறையையே பெற்றது. ஒவ்வொரு முறையும் நாளிதழ்கள் மறுநாளே வென்றவர் யார் என்று தீர்ப்பெழுதின. எனக்குப் பெரியவரின் வலப்புறப் பத்திதான் நினைவுக்கு வரும். அதை அவர் எப்போதும் பென்சிலால் எழுதுவார்.

ராம்ஸ் 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌலை வென்றது. கோஃபையும் இரண்டு முதற்சுற்று முறைகளையும் ஒரு மூன்றாம் சுற்று முறையையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து வாங்கிய மேத்யூ ஸ்டாஃபோர்ட் பந்தெறிந்தார். ஆரன் டோனல்ட் இறுதித் தடுப்பை நிகழ்த்தினார். செயின்ட் லூயிஸில் அந்த இரவு எங்கள் தெருவில் ஒரு வாணமும் வெடிக்கவில்லை.

பெரியவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். வீட்டைக் காலிசெய்ய வந்த அவருடைய மகள், நோட்டை என்னிடம் கொடுத்தார். கராஜ் சுவரில் அட்டவணையை உரித்த இடம் வெளிறித் தெரிந்தது. 2016இன் பேரத்துக்கு அவர் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். ஆண்டு எழுதி, நடுவே கோடு போட்டிருக்கிறார். இருபுறமும் வெறுமை. அணி அவருடையதாக இல்லாதபோது எதைக் கொடுத்தது, எதைப் பெற்றது என்று யாருடைய கணக்கில் எழுதுவது?

அவ்விடத்தை நிரப்பலாமா என்று பென்சிலை எடுத்திருக்கிறேன். பிறகு வைத்துவிடுகிறேன். ஆனால் விடுமுறையைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். அம்மாவைப் பார்க்க ஆண்டுதோறும் போகிறேன். பத்து நாள் கிடைத்தால் பத்து நாள்.